பந்தைத் தொடாதவர்களைக் காட்டியவர்

(பணியிடைப் பயிற்சி முகாம் ஒன்றில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'விளையாட்டும் வகுப்பறையும்' என்ற தலைப்பைப் பார்த்ததும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசுவார் என்றுதான் பலரும் நினைத்திருப்பீர்கள். நான் கணித ஆசிரியர். உடற்பயிற்சியால் மனம் ஒருமுகப்படும், கூட்டு முயற்சி வளரும் என்பதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் கேட்க வேண்டியதில்லை. எனக்குக் கொடுத்திருக்கும் அரை மணி நேரத்தில் ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் பெயர் ஜான் மேடன். அமெரிக்கர். பத்தாண்டுகள் பயிற்சியாளராகவும், அதன்பிறகு முப்பது ஆண்டுகள் தொலைக்காட்சியில் ஆட்ட விளக்கம் சொல்பவராகவும் இருந்தவர். இங்கே எத்தனை பேர் அவரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? இரண்டு கைகள் தெரிகின்றன. பரவாயில்லை, நம் மாணவர்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். கணினி விளையாட்டு ஒன்றின் பெயராக. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாம் கால்பந்து என்பதை அமெரிக்கர்கள் சாக்கர் என்கிறார்கள். அவர்கள் கால்பந்து என்பது, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். இதற்குப் பெயர் வைத்தவரை ஒரு நாள் சந்தித்துக் கேட்க வேண்டும். மைதானத்தின் நீளம் 100 கஜம். ஓர் அணிக்கு 11 பேர். பந்து கையில் உள்ள அணி நான்கு வாய்ப்புகளுக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. இப்படியே எதிர் எல்லைவரை போனால் புள்ளி. ஒவ்வொரு வாய்ப்பும் சில வினாடிகளில் முடிந்துவிடும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். கைதட்டல் அவருக்கு, ஓடிப்போய்ப் பிடிப்பவருக்கு.

அவர்களுக்கு முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். லைன்மேன் என்று பெயர். எதிரணியினர் குவார்ட்டர்பேக்கின் மேல் பாயாமல் உடம்பால் மறிப்பது இவர்கள் வேலை. ஐவரில் நடுவே நிற்பவர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பார். மற்ற நால்வருக்கும் பந்துக்கும் பெரும்பாலும் உறவே இல்லை. ஆட்டம் முழுக்க மோதுவார்கள், விழுவார்கள், எழுவார்கள். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே போகும் என்பதால் அவர்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. கபடியில் பாடி வருபவரைப் பார்க்கும் கண், சங்கிலி பிடித்து நிற்கும் இருவரில் முதலில் அசைந்தது யார் என்று பார்ப்பதில்லை அல்லவா, அது போல.

ஜான் மேடன் அப்படிப்பட்ட ஒரு லைன்மேன். 1936இல் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு கலிபோர்னியாவின் டேலி சிட்டிக்கு வந்தவர். அப்பா கார் மெக்கானிக். கால் பாலி என்ற கல்லூரியில் படித்தார், ஆடினார். 1958இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 21ஆவது சுற்றில், 244ஆவது ஆளாக. அந்த இடத்தில் தேர்வானவர் மேல் யாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருக்காது. பயிற்சி முகாமிலேயே முழங்கால் போயிற்று. ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

காலைச் சரிசெய்யும் சிகிச்சைக்காகக் காலையிலேயே அவர் அணியின் இடத்துக்கு வந்துவிடுவார். அந்த நேரத்தில் அங்கே இன்னொருவரும் இருப்பார். நார்ம் வான் பிராக்ளின், அணியின் குவார்ட்டர்பேக், அன்று நாடறிந்த நட்சத்திரம். தனியாக உட்கார்ந்து பழைய ஆட்டங்களின் படச்சுருள்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். நொண்டிக்கொண்டிருந்த இந்தப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். படத்தை நிறுத்தி நிறுத்தி, இவன் ஏன் இந்தப் பக்கம் நகர்ந்தான், அவன் நகர்ந்ததால் எங்கே இடம் திறந்தது என்று சொல்லிக்கொண்டே போவார். அதுவரை மேடனுக்குத் தன் எதிரில் நிற்கும் ஆளை மட்டுமே தெரியும். 22 பேரும் ஒரே நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை அந்த இருட்டறையில்தான் முதன்முதலாகப் பார்த்தார். ஆட்டத்தை நான் கற்றது அங்கேதான் என்று பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வான் பிராக்ளின் அதைப் பாடமாக நினைத்துச் செய்திருக்க மாட்டார். பக்கத்தில் ஆள் இருந்தால் வாய்விட்டு யோசிக்கலாம், அவ்வளவுதான் அவருக்கு. ஆனால் ஓர் அறிஞர் தன் சிந்தனையை ஒலியோடு நடத்தும்போது அருகில் இருப்பவர் கற்கும் அளவுக்கு வேறு எதிலும் கற்பதில்லை என்று நான் நினைக்கிறேன். கரும்பலகையில் கணக்கின் விடையை மட்டும் படிப்படியாக எழுதிப்போடுவதற்கும், 'இந்த வழியில் போனால் என்ன ஆகும்? ஆ, இங்கே அடைத்துக்கொள்கிறது, திரும்புவோம்' என்று சொல்லிக்கொண்டே போடுவதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும்.

மேடன் ஊர் திரும்பி ஆசிரியர் ஆகப் படித்தார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவருடைய இளநிலைப் பட்டம் 1959இல், முதுநிலைப் பட்டம் 1961இல்; இரண்டுமே கல்வியியல். நாம் பி.எட். படித்தது போலத்தான். பிறகு ஒரு சிறு கல்லூரியில் பயிற்சியாளர், சான் டியாகோ மாநிலக் கல்லூரியில் உதவிப் பயிற்சியாளர், 1967இல் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளர். 1969இல் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர். அப்போது அவருக்கு வயது 32. அணியில் அவரைவிட மூத்த ஆட்டக்காரரும் இருந்தார்.

ரைடர்ஸ் அணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற அணிகள் 'இவனை வைத்துக்கொண்டு முடியாது' என்று கைகழுவியவர்கள் பலர் அங்கே வந்து சேர்ந்தார்கள். நம் பள்ளிகளிலும் அப்படி ஒரு பிரிவு இருக்கும், எந்தப் பிரிவு என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தக் காலத்தில் தொழில்முறை அணிகளில் முடி வெட்டுவது, மீசை, பயணத்தின்போது கோட்டு, டை என்று பெரிய விதிப்பட்டியல் இருந்தது. மேடன் அதையெல்லாம் தூக்கிப் போட்டார். மூன்றே விதிகள் வைத்தார். நேரத்துக்கு வா. கவனித்துக் கேள். நான் ஆடச் சொல்லும்போது உயிரைக் கொடுத்து ஆடு. அவ்வளவுதான். நம் வகுப்பறைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விதிகளை எண்ணிப் பாருங்கள். பதினைந்து, பதினெட்டு இருக்கும். அதில் எத்தனை கற்றலுக்கானவை, எத்தனை நம் வசதிக்கானவை என்று பிரித்தால் சுவாரசியமாக இருக்கும். மேடன் செய்தது அந்தப் பிரித்தல்தான். முடி நீளமாக இருந்தால் பந்து நழுவாது என்பது அவருக்குத் தெரியும்.

வெற்றி எளிதில் வந்துவிடவில்லை. முதல் ஏழு பருவங்களில் ஐந்து முறை சூப்பர் பவுல் என்னும் பேரிறுதிக்கு ஒரு படி முன்னால் தோற்றார்கள். பெரிய ஆட்டத்தை அவரால் வெல்ல முடியாது என்று செய்தித்தாள்கள் எழுதின. 1977 ஜனவரி 9 அன்று பாசடீனா நகரில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியை 32க்கு 14 என்று வென்று கோப்பை வாங்கினார்கள். பத்துப் பருவங்களில் மொத்தம் 103 வெற்றி, 32 தோல்வி, 7 சமநிலை. தோல்விகள் மிஞ்சிய பருவம் ஒன்றுகூட இல்லை.

இந்த எண்களோடு பயிற்சியாளர் வாழ்க்கையை முடித்துவிட எனக்கு மனமில்லை. 1978 ஆகஸ்ட் 12. பருவம் தொடங்கும் முன் நடக்கும் வெறும் ஒத்திகை ஆட்டம். வெற்றி தோல்வி கணக்கில் சேராது. எதிரணி நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் டாரில் ஸ்டிங்லி, 26 வயது, பந்தைப் பிடிக்கத் தாவினார். ரைடர்ஸ் தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஓடிவந்து மோதினார். அன்றைய விதிப்படி அது தவறில்லை, நடுவர் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. ஸ்டிங்லியின் கழுத்தெலும்பு நொறுங்கியது. அதன்பின் அவர் நடக்கவே இல்லை. 2007இல் இறக்கும்வரை சக்கர நாற்காலியில்தான் இருந்தார். அன்றிரவு ஆட்டம் முடிந்ததும் மருத்துவமனைக்கு ஓடியவர் எதிரணிப் பயிற்சியாளரான மேடன். ஒரு நாளோடு விடவில்லை, தொடர்ந்து போய்ப் பார்த்தார். அவரும் அவர் மனைவியும் ஸ்டிங்லி குடும்பத்துக்குத் துணையாக இருந்தார்கள்.

அந்தப் பருவம்தான் மேடனின் கடைசிப் பருவம். வயிற்றுப்புண் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. 1979 ஜனவரியில், 42 வயதில், இனிப் பயிற்சியாளராக இருக்க மாட்டேன் என்று அறிவித்தார். எத்தனையோ அணிகள் கூப்பிட்டும் திரும்பவில்லை.

இதற்குப் பிறகு அவர் செய்ததைப் பற்றிப் பேசத்தான் இந்த உரை.

சி.பி.எஸ். தொலைக்காட்சி அவரை ஆட்ட விளக்கம் சொல்ல அழைத்தது. அதே காலத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி விரிவாக்கப் பிரிவில் பொதுமக்களுக்குக் கால்பந்து பற்றி வகுப்பும் எடுத்தார். ஆண்டாண்டாக ஆட்டம் பார்ப்பவர்கள்தான் அந்த வகுப்புக்கு வந்தவர்கள். ஆனால் பந்து இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தும் காணாமல் இருப்பது சாத்தியம்தான். நம் மாணவர்கள் வரைபடத்தை ஐந்தாண்டு பார்த்தும் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் என்று காணாமல் இருப்பது போல.

அன்றைய ஆட்ட விளக்கம் இரண்டு வகையாக இருந்தது. ஒன்று, திரையில் எல்லோருக்கும் தெரிவதையே மறுபடி சொல்வது. மற்றொன்று, பழைய ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசும் கலைச்சொற்களை அள்ளி வீசுவது. மேடன் இரண்டையும் செய்யவில்லை. 'அந்த 73ஆம் எண் போட்டவரைப் பாருங்கள், அவர் இடது கால் எங்கே இருக்கிறது பாருங்கள்' என்று தொடங்குவார். கண் அங்கே போகும். அடுத்த வினாடி அந்த ஆள் எதிராளியைத் தள்ளிய தள்ளலில் ஒரு வழி திறக்கும், பந்தோடு ஒருவர் அதில் நுழைவார். 'பூம்!' என்பார் மேடன். கைகளை ஆட்டுவார், சட்டை வெளியே வந்துவிடும், தலைமுடி பறக்கும். அந்தக் காலத்தில் தொலைக்காட்சிக்கு வருபவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள்.

1981 முதல் அவருக்கு இணை பேட் சம்மரால். அவரும் பழைய ஆட்டக்காரர். எத்தனையாவது வாய்ப்பு, எத்தனை கஜம், யார் பிடித்தார், அதோடு நிறுத்திக்கொள்வார். மற்ற இடம் முழுக்க மேடனுக்கு. வில்லுப்பாட்டில் சரியான இடத்தில் 'ஆமா' போடும் பின்பாட்டுக்காரர் இல்லாமல் கதை நடக்குமா? இரண்டு பேரும் 21 ஆண்டுகள் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

இன்னொரு துணை ஒரு கருவி. டெலிஸ்ட்ரேட்டர் என்று பெயர். நின்றுபோன படத்தின் மேல் பேனாவால் கோடு போட்டால் வீட்டில் உள்ளவர்கள் திரையில் அந்தக் கோடு தெரியும். கிரிக்கெட்டில் இன்று சாதாரணமாகப் பார்க்கிறோம். அதைக் கண்டுபிடித்தவர் லெனார்ட் ரீஃபெல் என்ற இயற்பியலாளர். சிகாகோ தொலைக்காட்சியில் அறிவியல் பாடம் சொல்லும்போது படத்தின் மேலேயே வரைந்து காட்ட வேண்டும் என்பதற்காகச் செய்தார். ஆக, அது பிறந்ததே பாடம் நடத்தத்தான். 1982 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுல் ஒளிபரப்பில் மேடன் அதைக் கையில் எடுத்தபோது நாடு முழுவதும் பார்த்தது. சி.பி.எஸ். நிறுவனம் அதற்கு வைத்த பெயர் கரும்பலகை! வட்டம் போடுவார், அம்பு போடுவார், கோணல்மாணலாக இருக்கும். அழகாக வரைய அவர் முயன்றதே இல்லை. நம் ஸ்மார்ட் போர்டுகளில் வரும் பளபளப்பான அசைவூட்டப் படங்களைவிட, ஆசிரியர் தன் கையால் போடும் கோணல் கோடு சில நேரம் கூடுதலாக விளக்குவதற்குக் காரணம் உண்டு. கோடு போடும் கை எங்கே தயங்குகிறது, எங்கே வேகமெடுக்கிறது என்பதையும் மாணவர் சேர்த்துப் பார்க்கிறார்.

இவ்வளவும் வாய்ச்சாலத்தால் வந்ததில்லை. ஒளிபரப்புக்கு முன் இரு அணிகளின் பழைய ஆட்டப் படங்களையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார். பயிற்சி நடக்கும் இடத்துக்கே போவார். பயிற்சியாளர்களோடும் ஆட்டக்காரர்களோடும் உட்கார்ந்து பேசுவார். இன்று எல்லா ஒளிபரப்புக் குழுக்களும் அதைச் செய்கின்றன. அவர் வந்த காலத்தில் அது வழக்கமில்லை. விமானத்தில் ஏறமாட்டார் என்பதும் இதற்கு உதவியது. மூடிய இடத்தில் அடைபடுவது என்றால் அவருக்கு ஆகாது. 1979க்குப் பிறகு பறக்கவே இல்லை. முதலில் ரயில், 1987 முதல் தனக்கென வடிவமைத்த பேருந்து. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்று நாள் பயணம். அந்த மூன்று நாளும் படம் பார்ப்பதற்கும், வழியில் உள்ள சிற்றூர்களில் இறங்கிச் சாப்பிட்டு மக்களோடு பேசுவதற்கும் கிடைத்தன. யாரிடம் பேசப் போகிறோமோ அவர்களைச் சாலையோரக் கடையில் பார்த்துவிட்டு வரும் விளக்கவுரையாளர் எத்தனை பேர்?

லைன்மேன்களை அவர் விடவே இல்லை. 1984 முதல் ஆண்டுதோறும் தன் பெயரில் ஓர் அணியை அறிவித்தார். புள்ளி எடுத்தவர்கள் மட்டுமல்ல, சட்டை முழுக்கச் சேறான, பெயர் தெரியாத முன்வரிசைக்காரர்களும் அதில் இடம்பெற்றார்கள். அமெரிக்காவில் நன்றி நவிலும் நாளில் வான்கோழி சமைப்பது வழக்கம். அன்றைய ஆட்டத்தில் சிறந்தவருக்கு வான்கோழிக் கால் ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார். முன்வரிசை முழுவதுக்கும் கொடுக்க இரண்டு கால் போதவில்லை என்று ஆறு கால் வான்கோழி ஒன்றைத் தயார்செய்து வாங்கிய ஆள் அவர். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் இருபது ஆண்டு மோதி மோதி ஆடியும் ஊரில் எவருக்கும் தெரியாதவரின் பெயரைக் கோடிக்கணக்கானோர் முன்னால் உரக்கச் சொல்வது சின்ன விஷயமில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் ஒருமுறை பெயர் சொல்லப்பட்ட மாணவர் அன்று முழுக்க எப்படி நடக்கிறார் என்று பார்த்திருக்கிறீர்கள்.

இப்போது கணினி விளையாட்டுக்கு வருகிறேன். 1984இல் ட்ரிப் ஹாக்கின்ஸ் என்பவர் கால்பந்துக் கணினி விளையாட்டு ஒன்று செய்யும் எண்ணத்தோடு மேடனை ரயிலில் சந்தித்தார். அவர் பறக்கமாட்டார் என்பதால் ரயிலில் போய்த்தான் பேச வேண்டும். அன்றைய கணினிகளின் திறனுக்கு ஓர் அணிக்கு ஆறு, ஏழு ஆட்டக்காரர்களுக்கு மேல் காட்ட முடியாது. குறைத்துக்கொள்ளலாமா என்றார்கள். மேடன் மறுத்துவிட்டார். பதினொரு பேர் இல்லாவிட்டால் அது கால்பந்து இல்லை, என் பெயரைப் போடாதீர்கள் என்றார். குறைக்கச் சொன்னால் யாரைக் குறைப்பார்கள்? முன்வரிசைக்காரர்களைத்தான். நான்கு ஆண்டு தாமதத்துக்குப் பின் 1988இல் 11 பேரோடு விளையாட்டு வெளிவந்தது. அதன்பின் வந்த பதிப்புகள் 10 கோடிக்கும் மேல் விற்றிருக்கின்றன. அதை வெறும் பொழுதுபோக்காக அவர் நினைக்கவில்லை. ஆட்டத்தின் உத்திகளைச் சொல்லிக்கொடுக்கும் கருவியாகவே நினைத்தார்.

கணித ஆசிரியராக எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். எளிமையாக்குவது வேறு, ஆட்களைக் குறைப்பது வேறு. 'பெருக்கினால் எண் பெரிதாகும்' என்று மூன்றாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அரையைப் பாதியால் பெருக்கும் நாள் வந்ததும் அது நொறுங்கும். 'சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது' என்பதும் அப்படித்தான். குறை எண்கள் வரும்போது, முன்பு சொன்னவர் பொய் சொன்னாரா, இப்போது சொல்பவர் பொய் சொல்கிறாரா என்று பிள்ளை விழிக்கும். 'மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர்' என்றால் உருளைக்கிழங்கை என்ன செய்வது? அது தண்டல்லவா. இவையெல்லாம் ஏழு பேர் கால்பந்து. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம், ஆறு வயதுப் பிள்ளையிடம் பின்னப் பெருக்கலைப் பேசச் சொல்லவில்லை. 'நாம் இப்போது பார்க்கும் எண்களில்' என்ற சிறு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் பதினொரு பேரும் களத்தில் இருப்பார்கள்.

2002 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பேட்ரியாட்ஸ், ராம்ஸ் இரு அணியும் 17க்கு 17. மீதி 81 வினாடி. பேட்ரியாட்ஸ் கையில் பந்து. குவார்ட்டர்பேக் டாம் பிரேடி, இளைஞர், அப்போது பெரிய பெயர் இல்லாதவர். இவர்கள் துணிந்து முன்னேறக்கூடாது, நேரத்தைக் கடத்திவிட்டு கூடுதல் நேரத்துக்குப் போவதே நல்லது என்று மேடன் அழுத்தமாகச் சொன்னார். பிரேடி கேட்கவில்லை, அவருக்கு அது காதில் விழவும் வழியில்லை. ஒவ்வொரு வீச்சாக முன்னேறினார். பந்து நகர நகர மேடன் பேச்சும் மாறியது. இவர்கள் செய்வதுதான் சரி என்று ஒப்புக்கொண்டு, பிரேடி செய்ததைப் பார்த்து மெய்சிலிர்க்கிறது என்றார். கடைசி வினாடியில் 48 கஜ உதை, 20க்கு 17. அப்போது மேடனுக்கு அந்தத் துறையில் முப்பதாண்டுக்கு மேல் அனுபவம். கோடிக்கணக்கானோர் கேட்க, தன் கணிப்பு பிசகியதைப் பார்த்து அவர் மகிழ்ந்தார். மாணவர் நம்மைவிடச் சுருக்கமான வழியில் கணக்கைப் போட்டுக் காட்டும் நேரத்தில் நம் முகம் எப்படி இருக்கிறது என்று மாணவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இவரைப் புகழ்ந்துகொண்டே போனால் நான் பாதிதான் சொன்னதாகும். அந்த 'பூம்!' என்ற சொல் எனக்கு நெருடுகிறது. மைக் வெப்ஸ்டர் என்று ஒருவர் இருந்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் முன்வரிசையில் நடு ஆள். 17 பருவங்கள் ஆடினார், நான்கு சூப்பர் பவுல் வென்ற அணியில் இருந்தார். மேடன் கொண்டாடும் வகை ஆட்டக்காரர் என்றால் அவர்தான். ஆட்டத்தை விட்டபின் நினைவு தடுமாறி, இருக்க இடமின்றித் துன்பப்பட்டு, 2002இல் 50 வயதில் இறந்தார். பென்னட் ஒமாலு என்ற நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் அவருடைய மூளையை ஆராய்ந்தார். தலையில் விழும் தொடர் மோதல்களால் வரும் சிதைவை அதில் கண்டு 2005இல் வெளியிட்டார். பின்னர் பல ஆட்டக்காரர்களிடம் அதே சிதைவு தெரியவந்தது. முன்வரிசைக்காரரின் வேலையே மோதுவது. ஒவ்வொரு வாய்ப்பிலும் மோத வேண்டும்.

அந்த மோதலைச் சிரிப்போடு பார்க்கப் பழக்கியதில் மேடன் குரலுக்கும் பங்கு உண்டு. ஸ்டிங்லியின் கட்டிலருகே நின்றவருக்கு மோதலின் விலை தெரியாமல் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு, வீரர் பாதுகாப்புக்கான ஆலோசனைக் குழுவில் அவர் பொறுப்பேற்றார். இருந்தாலும், உற்சாகத்தோடு காட்டும்போது எதைச் சிரிப்பாக்குகிறோம் என்ற கேள்வி நிற்கிறது. வகுப்பில் ஒருவரைக் கேலி செய்து பாடத்தை விறுவிறுப்பாக்கும் கலை நம்மில் சிலருக்கு நன்றாக வரும். பாடம் பதியும். கேலிக்கு ஆளானவருக்கு என்ன பதிந்தது என்பது அந்த 45 நிமிடத்தில் தெரியாது. மேடனின் திறமையை நான் மதிக்கிறேன். இந்தக் குறையையும் சேர்த்துச் சொன்னால்தான் அவரை ஆசிரியர்கள் கூட்டத்தில் வைத்துப் பேச முடியும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994இல் ஃபாக்ஸ், 2002இல் ஏ.பி.சி., 2006இல் என்.பி.சி. என்று நான்கு பெரிய நிறுவனங்களிலும் பணியாற்றினார். ஒளிபரப்புக்கான எம்மி விருது 16 முறை. 2006இல் கால்பந்துப் புகழ் மன்றத்தில் இடம், அது பயிற்சியாளராக. 2009 பிப்ரவரி 1இல் நடந்த சூப்பர் பவுல்தான் அவருடைய கடைசி ஒளிபரப்பு. இரண்டு மாதம் கழித்து, பேரப்பிள்ளைகளோடு இருக்கப் போகிறேன் என்று விடைபெற்றார். 2021 கிறிஸ்துமஸ் நாளில் அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒளிபரப்பானது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, 85 வயதில் காலமானார்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். மதிய அமர்வில் செய்யப்போவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கபடி ஆட்டத்தின் இரண்டு நிமிடக் காணொளி ஒன்று வைத்திருக்கிறேன். ஒலியை நிறுத்தித்தான் ஓடவிடுவேன். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து உட்காருங்கள். ஒவ்வொரு குழுவும் பாடி வருபவரை விட்டுவிட்டு, எதிர்ப்புறம் நிற்கும் ஒரே ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று நேரடி விளக்கம் கொடுக்க வேண்டும். கலைச்சொல் ஒன்றுகூட வரக்கூடாது. உடற்கல்வி ஆசிரியர்கள் ஒரே குழுவில் சேர்ந்துவிடாமல் ஆளுக்கொரு குழுவில் இருங்கள், இல்லையென்றால் மற்ற குழுக்கள் தொலைந்தன. முதல் முறை ஓடும்போது யாரும் பேச வேண்டாம், பார்த்தால் போதும். இரண்டாம் முறை ஓடும்போது பேச ஒருவர், மற்ற நால்வர் கேட்டுவிட்டு, எதைக் காணாமல் விட்டோம் என்று எழுதுங்கள். தாளும் பேனாவும் கொண்டு வாருங்கள். சாப்பிட்டுவிட்டு 2 மணிக்குச் சந்திப்போம்.